இரவில்தான் வீட்டைச் சூடாக்க வேணும்: ஹீற் பம்புடன் மூன்று குளிர்காலம்

எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில், வேலை நாட்களில் பின்னேரம் நாலு மணி ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் நின்றுவிடும். வெளியில் வெயில் எறித்து 5 பாகை இருந்தாலும் நிற்கும். இரவு பதினொரு மணிக்கு, வெளியில் மைனஸ் 12 ஆக இருக்கும்போது, அது திரும்ப எழும்பி விடிய ஏழு மணிவரை ஓடும். குளிர் குறைந்த நேரத்தில்தானே ஹீற் பம்ப் நன்றாக வேலை செய்யும், நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்களே என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் சொல்வதும் சரிதான். நான் செய்வதும் சரிதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் போனது.

எங்களுடையது கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ மல்வேன் பகுதியில் 1980களில் கட்டிய செமி வீடு, ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. மேலே மூன்று அறை, கீழே பேஸ்மென்ற். காஸ் எரித்துச் சூடேற்றும் ஃபேர்னஸ் ஊதும் சூடான காற்று குழாய்கள் வழியாக எல்லா அறைக்கும் போகும். 2023 கோடையில் இருபது வருடப் பழைய ஏசி படுத்துவிட்டது. எப்படியும் புது ஏசி வாங்கத்தான் வேணும். அதற்குப் பதிலாக 3 டன் (எடை இல்லை, சூடாக்கும் குளிராக்கும் திறனின் அளவு) ஹீற் பம்ப் போட்டோம். ஏசி வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும்; இது குளிர்காலத்தில் அதே வேலையைத் திருப்பிச் செய்து, வெளிக் காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தரும். ஃபேர்னஸைக் கழற்றவில்லை. கடும் குளிருக்குத் துணையாக அது அப்படியே இருக்கிறது. மின்சாரத்தில் சூடேற்றும் துணைக் கொயில் போடாததால் வீட்டுக்கு மின்சாரம் வரும் 100 அம்ப் பனலே போதுமாக இருந்தது. அந்த நேரம் மத்திய அரசின் கிறீனர் ஹோம்ஸ் மானியம் திறந்திருந்தது, 5,000 டொலர் வரை. புதிய விண்ணப்பங்களை 2024 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

விலை கேட்கப் போன இடங்களில் ஒன்று, "வாங்கத் தேவையில்லை, மாத வாடகைக்குத் தருகிறோம்" என்றது. தயவுசெய்து அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பத்துப் பதினைந்து வருட வாடகையைக் கூட்டிப் பாருங்கள். மின்சாரத்தில் நீங்கள் சதம் சதமாக மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்குள் போய்விடும்.

இனி மின்சாரக் கட்டணம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வீட்டுக்காரர்கள் மூன்று திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2023 மே மாதம் வந்த 'அல்ட்ரா லோ ஓவர்நைற்' திட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். ஒவ்வொரு நாளும் இரவு 11 முதல் விடிய 7 வரை மிக மலிவு. வார நாட்களில் பின்னேரம் 4 முதல் இரவு 9 வரை மிக விலை. வார நாட்களின் மற்ற நேரம் நடுத்தர விலை. சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களின் பகலுக்குத் தனி விலை. 2024 நவம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு இரவு யூனிட் 2.8 சதம், வார இறுதிப் பகல் 7.6, நடுத்தரம் 12.2, பின்னேரம் 28.4. அதாவது ஒரே மின்சாரம், ஒரே நாளில், பத்து மடங்கு விலை வித்தியாசத்தில் வருகிறது.

ஹீற் பம்பின் திறமை வெளிக் குளிரோடு மாறும். எங்களுடையது வெளியில் 8 பாகை இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட் வெப்பம் தரும். மைனஸ் 15 இல் 1.8 மடங்காவது தரவேணும் என்பது மானியப் பட்டியலில் இருந்த நிபந்தனை. ஆக, மிக நல்ல நேரத்துக்கும் மிக மோசமான நேரத்துக்கும் இடையில் திறமை இரண்டு மடங்குதான் மாறுகிறது. விலையோ பத்து மடங்கு. நான் முதல் வருடம் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

பில்லை மேசையில் வைத்து நான் போட்ட கணக்கு இது. இரவு விலையோடு யூனிட்டுக்கு யூனிட் ஏறும் மற்றக் கட்டணங்களையும் சேர்த்து, மாகாண அரசு பில்லில் தரும் கழிவை (தள்ளுபடியை) எடுத்துவிட்டால், யூனிட் ஏறக்குறைய 4.8 சதம் வந்தது. மைனஸ் 15 இல்கூட ஒரு யூனிட் வெப்பத்துக்கு 2.7 சதம். பின்னேரம் அதே கணக்கில் யூனிட் 27 சதம். வெளியில் 8 பாகை என்ற இதமான நாளிலும் ஒரு யூனிட் வெப்பம் 7.7 சதம். இனி காஸ்: அப்போது எங்களுக்குக் கனமீற்றர் எல்லாம் சேர்த்து 43 சதமளவில் விழுந்தது. ஒரு கனமீற்றர் எங்கள் ஃபேர்னஸில் பத்து யூனிட் வெப்பம் தரும். ஆக 4.3 சதம். நடுச்சாமத்துக் கடும் குளிரில் ஹீற் பம்ப் காஸை வெல்கிறது, பின்னேரத்து இளவெயிலில் தோற்கிறது. நான் பார்க்கவேண்டியது வெளி வெப்பமானியை இல்லை, மணிக்கூட்டை.

முதல் குளிர்காலத்தில் இது எதுவும் தெரியாது. 2023 டிசம்பர் காஸ் பில் வந்தபோது, முந்தைய வருடத்திலிருந்து பெரிதாக ஒன்றும் குறையவில்லை. வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ராற்றின் உள் மெனுவில் தேடிப் போனால், பொருத்திய கொம்பனி 'வெளியில் 4 பாகைக்குக் கீழே போனால் ஃபேர்னஸுக்கு மாறு' என்று வைத்துவிட்டுப் போயிருந்தது. ரொறன்ரோவில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் 4 பாகைக்கு மேல் எத்தனை மணித்தியாலம் இருக்கும்? குளிர்நாட்டுக்கென்று விலை கூடக் கொடுத்து வாங்கிய இயந்திரம் சும்மா நின்றிருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால், "வீடு குளிருது என்று ஆக்கள் கோல் எடுப்பினம், அதுக்காகத்தான்" என்றார் வந்த ரெக்னீசியன். உங்கள் வீட்டில் ஹீற் பம்ப் இருந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்த மெனுதான்.

அடுத்த பிழை என்னுடையது. காஸ் மட்டும் இருந்த காலத்தில் படுக்கப் போகும்போது 17இல் வைத்துவிட்டு விடிய 21 ஆக்குவோம். கனடா வந்த நாள் முதல் பழகிய சிக்கனம். ஹீற் பம்ப் வந்த பிறகும் அதையே செய்தேன். மலிவான எட்டு மணித்தியாலமும் இயந்திரம் நித்திரை. விடிய ஐந்தரைக்கு நாலு பாகை ஏற்றச் சொன்னால், 'இது ஹீற் பம்பால் முடியாது' என்று தெர்மோஸ்ராற் தானாகவே ஃபேர்னஸைக் கூப்பிடும். எங்கள் அமைப்பில் இரண்டும் சேர்ந்து ஓடமுடியாது. ஹீற் பம்பின் கொயில் ஃபேர்னஸுக்கு மேலே, அது ஊதும் சுடுகாற்றின் பாதையிலேயே இருப்பதால், ஒன்று ஓடினால் மற்றது நிற்கவேணும். ஆக மலிவான நேரத்தில் நான் காஸ் எரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இரவு முழுக்க 20.5. விடிய நாலரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஆறே முக்காலுக்கு 22. ஏழு மணிக்குத் திரும்ப 20.5க்கு இறக்கிவிடுவேன். செங்கல் சுவரும் தளபாடமும் பிடித்து வைத்திருக்கும் சூட்டில், வெளியில் மைனஸ் 5 என்றால் ஒன்பதரை பத்து மணிவரை ஒன்றும் ஓடாமலே வீடு தாங்கும். மைனஸ் 15 என்றால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

நாலு மணிக்கு நிறுத்துவதுதான் சிக்கல். எங்கள் தெர்மோஸ்ராற்றில் வெளி வெப்பநிலைக்கு எல்லை வைக்கலாம், நேரத்துக்கு எல்லை வைக்க முடியாது. இரண்டு மாதம் தொலைபேசியில் அலாரம் வைத்து, நாலு மணிக்கு 'துணை வெப்பம் மட்டும்', அதாவது ஃபேர்னஸ் மட்டும், என்பதைக் கையால் அமத்தினேன். பிறகு மகன் ஒரு பழைய கணினியில் ஹோம் அசிஸ்டன்ற் என்ற இலவச மென்பொருளைப் போட்டு அதைத் தானாக நடக்கவைத்தான். ஒரு நாள் இன்ரநெற் நின்று, பின்னேரம் ஐந்து மணித்தியாலமும் ஹீற் பம்பே ஓடியது. அடுத்த நாள் மீற்றர் கணக்கில் அந்த ஒரு பின்னேரத்துக்கு மட்டும் பன்னிரண்டு யூனிட், மூன்று டொலருக்கு மேல். அதே பன்னிரண்டு யூனிட் இரவில் அறுபது சதமும் வராது. கணினி எல்லாம் வேண்டாம் என்பவர்கள் அலாரத்தையே வைத்துக்கொள்ளலாம், குறைவில்லை.

காசைவிட என்னை வருத்தியது அம்மாவின் குளிர். அவவுக்கு எண்பது வயது. ஃபேர்னஸ் ஊதும்போது நிலத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சீலைத் தலைப்பைக் கொஞ்சம் தூக்கிக் கால் காய்வா. ஹீற் பம்ப் வந்த முதல் கிழமையே, "தம்பி, இது பழுதோ? காத்து வருது, சூடு இல்லை" என்றா. கையை வைத்துப் பார்த்தேன். ஃபேர்னஸ் காற்றுக் கை சுடும். இது உடம்புச் சூட்டுக்கும் குறைவு, 35 பாகை இருக்கும். ஆனால் விட்டு விட்டு ஊதாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதால் அறை ஒரே சீராக இருக்கும். அம்மாவுக்கு அறையின் சராசரி வேண்டாம், காலுக்குச் சூடு வேணும். அவவின் அறைக்கு ஒரு சின்ன மின்சாரக் காலணைப் பாய் வாங்கிக் கொடுத்தேன். சொற்ப மின்சாரம்தான் எடுக்கும். கட்டணக் கணக்குப் பார்த்து வயதானவர்களைக் குளிரில் இருத்துவது சரியில்லை என்பது என் முடிவு. அவ கேட்டால் எந்த நேரமென்றாலும் சூட்டைக் கூட்டிவிடுவேன்.

ஆட்கள் இல்லாத அறையின் காற்றுத் துவாரத்தை மூடி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஹீற் பம்புக்கு அது ஆகாது. இளஞ்சூட்டுக் காற்று நிறையப் போனால்தான் வீடு சூடாகும். வழியை அடைத்தால் இயந்திரம் திணறி மின்சாரத்தைக் கூடத் தின்னும். காற்றை வடிக்கும் பில்ரரும் அப்படித்தான். எங்கள் வீட்டுப் பொரியலும் சாம்பிராணியும் சேர்ந்து இரண்டு மாதத்தில் அதைத் தவிட்டு நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் காலத்தைப் பார்க்காமல் வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்து மாற்றுகிறேன்.

2025 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து வந்த இரண்டு பனிப்புயலில் எங்கள் பக்க ஒழுங்கையில் முழங்காலுக்கு மேல் பனி. வெளி இயந்திரத்தைத் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றர் உயரமான இரும்புக் கால்களில் வைத்திருந்தோம். அப்படியிருந்தும் சுவர்ப்பக்கம் பனி அடைத்துவிட்டது. நான் பிளாஸ்ரிக் தட்டால் வழித்துக்கொண்டிருக்கும்போதே அது உறைபனியைக் கரைக்கத் தொடங்கி, வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பென்று நினைத்து ஓடிவந்தார். மைனஸ் 2, 3 இல் ஈரம் கூடின நாட்களில்தான் இது அடிக்கடி நடக்கும். மைனஸ் 15 இல் காற்றில் ஈரமே இல்லாததால் குறைவு. கரைந்த தண்ணீர் ஒழுங்கையில் ஓடிக் கண்ணாடி மாதிரி உறையும். பொருத்தும்போதே நடக்கிற வழியைத் தவிர்த்து இடம் பாருங்கள். நாங்கள் பிறகுதான் கல்லுச் சல்லி கொட்டினோம்.

மிச்சம் எவ்வளவு? இரண்டாவது குளிர்காலத்தில், எல்லாவற்றையும் காஸில் எரித்திருந்தால் வந்திருக்கும் செலவோடு ஒப்பிட்டால் 240 டொலரளவில் குறைவு. காஸ் பாவனை மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வந்தது. பிறகு 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டில் எரிக்கும் காஸ் போன்ற எரிபொருளுக்கு அறவிட்ட காபன் கட்டணத்தை மத்திய அரசு எடுத்துவிட்டது. கனமீற்றருக்கு 15.25 சதம் ஒரே நாளில் போனது. காஸ் வெப்பம் யூனிட் மூன்று சதத்துக்குக் கீழே இறங்கியது. நவம்பரில் மின்சாரமும் ஏறி இரவு 3.9, பின்னேரம் 39.1 ஆனது; கழிவையும் 23.5 வீதமாகக் கூட்டியதால் இரவு எங்களுக்கு ஐந்து சதத்தில் நிற்கிறது. கணக்கைத் திரும்பப் போட்டேன். இரவில் மைனஸ் 12 வரை ஹீற் பம்ப், அதற்குக் கீழே ஃபேர்னஸ். வார நாட்களில் பகல் முழுக்க ஃபேர்னஸ். வார இறுதியில் 7, 8 பாகைக்கு மேல் இருந்தால் மட்டும் ஹீற் பம்ப். இந்த மூன்றாவது குளிர்காலத்தில் மிச்சம் நூறு டொலரைத் தொடவில்லை.

காசுக்காக மட்டும் என்றால், நல்ல காஸ் ஃபேர்னஸும் நல்ல ஏசியும் உள்ளவர்களை இதற்கு மாறச் சொல்லமாட்டேன். ஏசி மாற்றும் நேரம் வந்தவர்களுக்குச் சொல்வேன். வீட்டைச் சுவரோர மின்சார ஹீற்றரால் சூடாக்குபவர்களுக்கு இரண்டு தரம் சொல்வேன்: அவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கிறது, இங்கே இரண்டோ மூன்றோ.

கோடையில் ஏசியாக ஓடும்போது நாலு மணிக்கு முன்னமே வீட்டை 21க்குக் குளிரவைத்து, யன்னல் சீலைகளை இழுத்துவிட்டால் ஏழு மணிவரை சமாளிக்கலாம். ஜூன் 2025 வெக்கையில், 36 பாகை அடித்த நாட்களில், அது நடக்கவில்லை. பின்னேர விலையைக் கொடுத்துத்தான் ஓடவிட்டோம்.

காஸை முழுதாக வெட்டினால் மாதம் இருபது டொலருக்கு மேல் வரும் நிலையான கட்டணம் போகும். அதற்கு அடுப்பும் சுடுதண்ணீர் ராங்கும் மாறவேணும். அடுப்பை மனைவி விடமாட்டா, தோசைக் கல்லுக்கு நெருப்புத்தான் வேணும் என்கிறா. ராங்க் இந்த வருடம் மாறுகிறது. இரவு பதினொரு மணிக்குப் பிறகு மட்டும் தண்ணீர் சுடவைக்கும் ஹீற் பம்ப் ராங்குக்கு விலை கேட்டிருக்கிறேன்.