நிற்கும் தேக்கின் கனஅளவு: எந்தச் சமன்பாட்டை நம்புவது?

வெட்டிக் கிடத்திய தேக்குக் கட்டைக்கு மரச்சந்தையில் ஒரு பழைய கணக்கு உண்டு. நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். சுற்றளவு 1 மீட்டரும் நீளம் 5 மீட்டரும் உள்ள கட்டைக்கு இந்தக் கால் சுற்றளவு முறை 0.3125 கன மீட்டர் தருகிறது. அதையே உருளையாகக் கொண்டால் 0.398 வரும். இந்த 21.5 விழுக்காட்டுக் குறைவு எல்லாக் கட்டைக்கும் ஒரே விகிதத்தில் இருப்பதால், விவரம் அறிந்தவர் அதை விலையிலேயே ஈடுசெய்துகொள்வார். நிற்கும் மரத்தில் நடுச்சுற்றளவை எட்டிப் பிடிக்க முடியாது என்பதால்தான் புள்ளியியல் மாதிரிகள் தேவைப்படுகின்றன.

முதல் வகை, மார்பளவு உயரத்தில் எடுத்த விட்டத்தை மட்டும் கேட்பது. டேராடூனில் இயங்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் (Forest Survey of India) 1996-இல் தொகுத்து வெளியிட்ட சமன்பாடுகளில் பல இப்படிப்பட்டவை. நாடாவும் ஓர் ஆளும் இருந்தால் போதும் என்பதே இவற்றின் பெரும் பலம். ஆனால், ஒரே விட்டமுள்ள இரு தேக்குகளில் ஒன்று ஆற்றங்கரை வண்டலில் நெடிதாகவும் மற்றொன்று மேட்டு நிலத்தில் குட்டையாகவும் வளர்ந்திருந்தாலும், இச்சமன்பாடு இரண்டுக்கும் ஒரே கனஅளவையே சொல்லும். அது எந்தப் பகுதி மரங்களிலிருந்து உருவானதோ, அந்தப் பகுதிக்குள் மட்டுமே அதை நம்பலாம்.

இரண்டாம் வகை உயரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. வனவியலாளர்கள் ஷூமேக்கரும் ஹாலும் 1933-இல் முன்வைத்த வடிவத்தில் விட்டம், உயரம் இரண்டுக்கும் தனித்தனி அடுக்குகள் (வர்க்கம் போன்ற படி எண்கள்) உண்டு. விட்டத்தின் அடுக்கு பெரும்பாலும் இரண்டை ஒட்டியும் உயரத்தின் அடுக்கு ஒன்றை ஒட்டியும் அமையும். அதனால் விட்டத்தில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தால் கனஅளவில் ஏறத்தாழ 2 விழுக்காடும், உயரத்தில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால் ஏறத்தாழ 10 விழுக்காடும் தவறும். அடர்ந்த தோப்பில் நுனி தெரியாமல், சாய்வுமானியை உத்தேசமாகப் பிடித்து எடுக்கும் உயரம் இந்த மாதிரியின் ஆதாயத்தை விழுங்கிவிடும். உயரத்தை ஒழுங்காக அளக்க முடியாத இடத்தில் முதல் வகையே மேல் என்பது என் கருத்து.

இம்மாதிரியைப் பொருத்துவதற்கு மடக்கை எடுப்பது வழக்கம். பெரிய மரங்களில் சிதறல் கூடும் சிக்கல் அதனால் தணிகிறது. ஆனால் மடக்கையிலிருந்து அப்படியே திரும்பினால் சராசரி தாழ்வாகவே வரும். இயல் மடக்கை அளவில் எச்சத்தின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வேறுபாட்டின்) திட்டவிலக்கம் 0.3 எனில், ஏறத்தாழ 4.6 விழுக்காட்டைப் பெருக்கிச் சேர்க்க வேண்டும். வனவியலாளர் பாஸ்கர்வில் 1972-இல் வலியுறுத்திய இத்திருத்தத்தைச் செய்யாத அட்டவணையைக் கொண்டு தோப்பை விற்பவர், கட்டை கட்டையாக அல்ல, மொத்தத் தோப்பிலும் இழப்பார்.

ஒப்பிடும் அளவுகோலிலும் கவனம் தேவை. ஒரு மாதிரி கனஅளவையும், மற்றொன்று அதன் வர்க்கமூலத்தையும், வேறொன்று மடக்கையையும் கணிக்கும்போது அவற்றின் நிர்ணயக் கெழுக்களை (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது எனக் காட்டும் R² எண்களை) அருகருகே வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. வனவியலாளர் ஃபர்னிவல் 1961-இல் தந்த குறியீடு அவற்றைக் கனஅளவின் அலகுக்கே கொண்டுவருகிறது. ஆயினும் நிர்ணயக் கெழு 0.98 என்று காட்டி முடித்துக்கொள்ளும் அறிக்கைகளுக்குக் குறைவில்லை.

தண்டு மேலே போகப் போக எப்படிக் குறுகுகிறது என்பதைச் சொல்லும் மாதிரிகள், எந்த உயரம்வரை அறுக்கத்தக்க மரம் கிடைக்கும் என்பதையும் காட்டும். ஆனால் அவற்றை உருவாக்க எடுக்கும் ஒவ்வொரு மரத்தையும் பல உயரங்களில் அளந்தாக வேண்டும்; ஒரு விவசாயியின் இரண்டு ஏக்கருக்கு அது மிகை. தரவைக் கிளை கிளையாகப் பிரித்துக் கணிக்கும் பல ‘முடிவு மரங்களின்’ (decision trees) சராசரியை எடுக்கும் இயந்திரக் கற்றல் முறைகளோ, பயிற்சித் தரவில் இருந்த மிகப் பெரிய மரத்தின் கனஅளவைத் தாண்டி எதையும் கணிக்கமாட்டா. விலை கூடிய பருத்த மரங்களில்தான் அவை குறைத்துச் சொல்லும்.

எதைத் தேர்ந்தாலும், இந்தியாவில் மார்பளவு உயரம் 1.37 மீட்டர், பல நாடுகளில் 1.3 மீட்டர் என்பதைச் சமன்பாட்டை எடுக்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையோடு கணித்ததா, பட்டை நீக்கியா என்பதையும் கேட்க வேண்டும். அந்த ஒரு வேறுபாடே மாதிரிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை மிஞ்சிவிடக்கூடும்.