மனுவைத் திருத்துவதா, புது மனு போடுவதா? பிரிட்டன் வேலைத் தீர்ப்பாயத்தில் இரண்டு வழிகள்

வேலை போன கையோடு, கெடு தாண்டிவிடுமோ என்ற பதற்றத்தில் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கும் மனுவான ஈ.டி. 1 படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து யூனியன்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்கிறார்: "கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன மறுவாரம்தானே உங்களை நிறுத்தினார்கள்? அது ஏன் இதில் இல்லை?" இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் உள்ள வேலைத் தீர்ப்பாயங்களில் இது தினசரிக் கதை. வட அயர்லாந்தின் ஏற்பாடு தனி. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

விட்டுப்போனதைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. போட்ட மனுவைத் திருத்த அனுமதி கேட்கலாம், அல்லது இன்னொரு மனு போடலாம். பலர் "எது சுலபம்?" என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: "இன்று என்ன தேதி?"

பெரும்பாலான உரிமைகளுக்குக் கெடு மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. மார்ச் 10-ஆம் தேதி வேலையிலிருந்து நீக்கினால் ஜூன் 9-தான் கடைசி நாள். மனு போடுமுன் பேசித் தீர்க்க முயலும் ஏகாஸ் என்ற சமரச அமைப்பில் போன நாட்கள் அதில் கூடும். இந்த மூன்று மாதத்தை ஆறாக்க 2025-இன் வேலை உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது. உங்கள் வழக்குக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதைத் தேதி வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கெடு இன்னும் முடியவில்லை என்றால் என் ஓட்டு புது மனுவுக்குத்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நீதிபதியின் மனநிலையை ஊகிக்க வேண்டாம். மனு உள்ளே போன அன்றே கெடுவின் கவலை தீர்ந்தது. பணச் செலவும் இல்லை. 2013 முதல் 2017 வரை பணிநீக்கம், பாகுபாடு போன்ற வழக்குகளுக்கு மொத்தம் 1,200 பவுண்டு வரை கட்டணம் இருந்தது. யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று தூக்கி எறிந்தது. அந்தக் காலத்தில் "திருத்தமே போதும்" என்று சொன்னதில் பாதிக் காரணம் அந்தப் பணம்தான்.

புது மனுவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏகாஸிடம் போனதற்கு அது தரும் சான்றிதழின் எண் இல்லாமல் பொதுவாக மனு ஏற்கப்படாது. பழைய சான்றிதழே போதுமா என்பது, புதுப் புகாரும் பழைய விவகாரத்தின் தொடர்ச்சிதானா என்பதைப் பொறுத்தது. சந்தேகம் என்றால் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஆனால் அதே விவகாரத்துக்கு இரண்டாவது சான்றிதழ் வாங்கினால் அது கெடுவை மறுபடி நீட்டாது. "ஏகாஸில் மறுபடி பதிந்திருக்கிறோமே, நாள் இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. அப்புறம், ஒரே முதலாளிமேல் இரண்டு வழக்கு எண், இரண்டு பதில் மனு என்று காகிதம் பெருகும். இரண்டையும் சேர்த்து விசாரிக்கும்படி எழுதிக் கேட்டால் பொதுவாகச் சேர்த்துவிடுவார்கள்.

திருத்தத்துக்கு இந்தச் சான்றிதழ்த் தொல்லை இல்லை. அனுமதி மட்டும் வேண்டும். 1996-இல் வந்த செல்கென்ட் தீர்ப்பு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: திருத்தத்தின் தன்மை, கெடு, எப்போது எப்படிக் கேட்டார்கள் என்பது. இதை வரிசையாக டிக் அடிக்கும் பட்டியலாக்கிவிட வேண்டாம், அனுமதித்தால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு, மறுத்தால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று எடை போடுங்கள் என்று வான் எதிர் மொடாலிட்டி தீர்ப்பு பிறகு நினைவூட்டியது. கெடு முடிந்தவர்களுக்கு வித்தியாசம் இங்கேதான். புது மனுவில் கெடு என்பது வாசற்கதவு. திருத்தத்தில் அது தராசில் வைக்கும் எடைகளில் ஒன்று. ஆகவே நாள் தாண்டியவர்களுக்குத் திருத்தம்தான் பெரும்பாலும் மிஞ்சும் வழி.

அதற்காகத் திருத்தம் கெடுவை மாயமாக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். புத்தம்புது உரிமை ஒன்றைத் திருத்தமாகச் சேர்த்தால், பழைய மனுவின் தேதி அதற்குத் தானாக ஒட்டிக்கொள்ளாது என்று 2017-இன் கலிலீ தீர்ப்பு சொல்கிறது. கெடு கேள்வி பிறகு விசாரணையில் திரும்ப எழலாம். அங்கே பாகுபாட்டு வழக்குக்குக் கொஞ்சம் இடம் உண்டு: நியாயம் என்று பட்டால் தீர்ப்பாயம் காலம் நீட்டலாம். நியாயமற்ற பணிநீக்கத்துக்கு அளவுகோல் கடுமை. நேரத்துக்குள் போடுவது நடைமுறையில் முடியாத காரியமாக இருந்தது என்று காட்ட வேண்டும்.

பழைய மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு பராமரிப்பு இல்லப் பணியாளர் "நியாயமற்ற பணிநீக்கம்" என்ற கட்டத்தில் மட்டும் டிக் அடித்திருக்கிறார். ஆனால் விவரப் பகுதியில், மருந்துப் பதிவேட்டில் பொய் எழுதுகிறார்கள் என்று மேலாளரிடம் சொன்னதையும் அடுத்த வாரமே தன்னை நீக்கியதையும் எழுதியிருக்கிறார். முறைகேட்டைச் சொன்னதற்காக நீக்கினார்கள் என்ற புகாருக்கான சம்பவங்கள் அங்கேயே கிடக்கின்றன. அதற்குப் பெயர் மட்டும் சூட்டவில்லை. இப்படிப் பெயர் மாற்றும் திருத்தத்துக்கு எதிர்த்தரப்பு வலுவாக மறுப்புச் சொல்வது கடினம், ஏனென்றால் புதிதாக விசாரிக்க அதிகம் இல்லை. அதே மனுவில் ஒரு வரிகூட இல்லாத கர்ப்பத்தை இப்போது கொண்டுவந்தால் புது சாட்சி, புது ஆவணம், புது விசாரணை. அது வேறு மலை.

திருத்தம் ஒரு வழக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குச் சந்தோக் எதிர் டிர்கி வழக்கைப் பாருங்கள். பீகாரிலிருந்து கொண்டுவரப்பட்டு 2008 முதல் 2012 வரை ஒரு வீட்டில் வேலை பார்த்த பெண், குறைந்தபட்ச ஊதியம் தராதது உள்ளிட்ட பல புகார்களோடு சாதியையும் திருத்தமாகச் சேர்த்தார். சமத்துவச் சட்டத்தில் "சாதி" என்று தனியாக இல்லையே, அந்தப் பகுதியை நீக்குங்கள் என்று முதலாளிகள் மேல்முறையீடு வரை போனார்கள். 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மறுத்தது: சட்டத்திலுள்ள இன மூலம் என்ற சொல்லுக்குள் சாதி அடங்கக்கூடும். அடுத்த ஆண்டு ஊதிய பாக்கியாக மட்டும் 1,83,773 பவுண்டு தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆனால் தொழிலாளர் தரப்பு அடிக்கடி மறந்துபோகும் எச்சரிக்கையும் அதே மேல்முறையீட்டுத் தீர்ப்பில்தான் இருக்கிறது. ஈ.டி. 1 என்பது கெடுவுக்காகப் போட்டுவிட்டு, பிறகு இஷ்டம்போல் சேர்த்துக்கொண்டே போகிற காகிதம் அல்ல.

திருத்தம் கேட்பதானால் "பாகுபாட்டையும் சேர்க்க விரும்புகிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். சேர்க்கப்போகும் பத்தியை முழுதாக எழுதுங்கள். "பத்தி 6-க்குப் பின்: மார்ச் 3 அன்று கர்ப்பமாக இருப்பதை மேலாளரிடம் சொன்னேன். மார்ச் 10 அன்று நீக்கக் கடிதம் வந்தது. இது கர்ப்பம் காரணமான பாகுபாடு." யார், எப்போது, என்ன செய்தார், எந்த உரிமை மீறப்பட்டது, ஏன் முன்பே எழுதவில்லை. முதலாளி தரப்புக்கும் நகல் போக வேண்டும். சாட்சி வாக்குமூலத்தில் ஒரு புதுப் புகாரை எழுதிவிட்டால் அது மனுவில் சேர்ந்துவிட்டதாக ஆகாது.

முதல் மனு போட்டபின் நடந்த சம்பவத்துக்கு, உதாரணமாக மனு போட்டதற்குப் பழிவாங்க வேலையைவிட்டே தூக்கினார்கள் என்றால், இரண்டு வழியும் திறந்தே இருக்கும். நாள் நெருங்குகிறது, நீதிபதியிடமிருந்து பதில் வரவில்லை என்றால் இரண்டையும் செய்யலாம்: திருத்த விண்ணப்பம் ஒரு பக்கம், பாதுகாப்புக்காகப் புது மனு ஒரு பக்கம். அனுமதி கிடைத்தால் தேவையில்லாததைப் பிறகு ஒதுக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒன்றைச் சிலர் யோசிப்பார்கள்: பழையதை வாபஸ் வாங்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெரிய மனுவாகப் போடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் செய்யாதீர்கள். வாபஸ் வாங்கிய மனுவைத் தீர்ப்பாயம் பொதுவாகத் தள்ளுபடி செய்துவிடும். தள்ளுபடியான அதே புகாரை மறுபடி கொண்டுவர முடியாது. அப்படியும் வாபஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றால், மறுபடி தொடுக்கும் உரிமையை வைத்துக்கொள்ள விரும்புவதாகவும் அதற்கான காரணத்தையும் வாபஸ் கடிதத்திலேயே எழுதி, தள்ளுபடி உத்தரவு போட வேண்டாம் என்று கேளுங்கள்.