தரையோடு படரும் டெய்சி: நான்கில் எதை நடலாம்?

டெய்சி என்ற ஒரே பெயரில் குணம் வேறான பல செடிகள் விற்பனைக்கு வருகின்றன. எல்லாம் சூரியகாந்திக் குடும்பம்தான். பூவைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் இடத்தில் வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு தேங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

முதலில் பெல்லிஸ் எனும் புல்வெளி டெய்சி. இலைகள் தரையோடு வட்டமாக ஒட்டிக் கிடக்கும். நடுவிலிருந்து இலையே இல்லாத காம்பு ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் எழும்பி, ஒற்றைப் பூவை ஏந்தி நிற்கும். மாலையானால் இதழ்கள் மேல்நோக்கிக் குவிந்துகொள்ளும். அப்போது குனிந்து பார்த்தால் இதழின் அடிப்புறத்தில் லேசான இளஞ்சிவப்பு தெரியும். அந்த அழகுக்காகவே இதை வளர்க்கலாம். ஆனால் இது குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் பழகிய செடி. கோடை கடுமையாக இருக்கும் இடத்தில் பல ஆண்டு வாழும் என்று நம்பாதீர்கள். ஒரு பருவச் செடியாக நினைத்துக் குளிர்காலத் தொடக்கத்தில் நடுங்கள். மிதமான இடத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பூத்து ஓய்ந்ததும் தூரைப் பிரித்து நட்டால் மறுபடி தெம்பாக வரும்.

எரிஜெரான் இதற்கு நேர்மாறு. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாய்மண். கல் இடுக்கு, படிக்கட்டு ஓரம், சுவர் விரிசல் என்று கைப்பிடி மண் இருந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக விரியும் பூ நாளாக ஆக இளஞ்சிவப்பாக மாறுவதால், ஒரே செடியில் இரண்டு நிறமும் கலந்து நிற்கும். வெயில் வேண்டும், வேர் பிடித்தபின் தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. விதையைத் தானே தூவிப் பரவும். நியூசிலாந்தில் இதை விற்கவும் பரப்பவும் தடையே இருக்கிறது. ஆகவே உங்கள் பகுதியில் இது களைப்பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நட்டால், பூ வாடி விதையாகும் முன்பே கத்தரித்துவிடுங்கள்.

கசானியா தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வறட்சியைத் தாங்குவதில் இந்த நான்கில் இதுவே கெட்டிக்காரன். வெயில் அடித்தால்தான் பூ விரியும், மேகம் மூடினால் மூடிக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். களிமண் என்றால் மணல் கலந்து மேட்டுப்பாத்தி போட்டபிறகு நடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், வெடேலியா. சிங்கப்பூர் டெய்சி என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ, பளபளக்கும் இலை, அரைநிழலிலும் பச்சைப் போர்வை. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள்: மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். பிடுங்கும்போது அறுந்த துண்டு மண்ணில் தங்கினால் அதுவே புதுச்செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறார்கள். தோட்டத்தை ஒட்டி வாய்க்காலோ காடோ இருந்தால் தயவுசெய்து நடாதீர்கள். ஏற்கெனவே இருந்தால், வெட்டிய தண்டுகளைக் குப்பைமேட்டில் வீசாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து அழியுங்கள்.