ரோம் போர்டு: வேகம் சரி, அக்செப்டட் கட்டம்தான் தலைவலி

எக்செல் ரிஸ்க் ரெஜிஸ்டரை (ரிஸ்க்குகளின் பட்டியலை) விட்டு, ஒவ்வொரு ரிஸ்க்கையும் ஒரு கார்டாக எழுதி நான்கு கட்டங்களில் நகர்த்தும் ரோம் (ROAM) போர்டுக்கு மாறலாமா என்று மென்பொருள் டீமில் இருக்கும் நண்பர் கேட்டார். ரிசால்வ்டு (தீர்ந்தது), ஓன்டு (ஒருவர் பொறுப்பேற்றது), அக்செப்டட் (அப்படியே ஏற்றது), மிட்டிகேட்டட் (தணித்தது) என்ற நான்கு கட்டங்களும் அவருக்குத் தெரியும். அதனால் பல ஸ்பிரின்ட் (குறுகிய வேலைச் சுற்று) ஓட்டிய பிறகு தெரிவதை மட்டும் சொல்கிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. டீம் தினமும் கூடும் 15 நிமிட டெய்லி ஸ்க்ரம்மில் யாராவது ஒரு ரிஸ்க்கைச் சொன்னால், கூட்டம் கலைவதற்குள் அது ஒருவர் பெயரில் ஓன்டு கட்டத்தில் ஏறிவிடும். ரெஜிஸ்டரில் ஒவ்வொரு விவரத்தையும் வரிசையாக நிரப்பி முடிப்பதற்குள் வேலையையே தொடங்கிவிடலாம்.

எரிச்சல் அக்செப்டட் கட்டத்தில். அங்கே போன கார்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேமென்ட் ஏபிஐயின் பழைய வெர்ஷனே இப்போதைக்குப் போதும் என்று முடிவாகிறது, கார்டு நகர்கிறது. எதை நம்பி ஏற்றோம், யார் சரி சொன்னார், எது மாறினால் மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுத போர்டில் இடமே கிடையாது. அந்த வெர்ஷனை நிறுத்தப்போகும் தேதி அறிவிக்கப்படும்போது, முடிவெடுத்தவர் வேறு டீமில் இருப்பார். அதே விவாதம் முதலிலிருந்து நடக்கும். அஜைல் என்றால் டாக்குமென்ட் வேண்டாம் என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள்மேல் கோபமே வருகிறது. 2001 அஜைல் மானிஃபெஸ்டோ இயங்கும் மென்பொருளுக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டென்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சரிசெய்ய ஒவ்வொரு கார்டிலும் நான்கு வரி போதும். காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் ஒரே வாக்கியத்தில், எடுத்த முடிவும் அதன் அனுமானமும், ட்ரிக்கர் (எது மாறினால் மறுபடி எடுக்க வேண்டும்), மறுபார்வைத் தேதி. அவசரமென்றால் ஃபீச்சர் ஃபிளாகை (ஒரு வசதியின் சுவிட்சை) அணைப்பதோ ரோல்பேக்கோ (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதோ) முதலில் நடக்கட்டும், நான்கு வரி அன்றைக்குள் வந்தால் போதும். மறுநாளும் சிஸ்டத்தின் லாக் (பதிவுகள்) இருக்கும். வேண்டாமென்று ஒதுக்கிய மாற்று வழிகள் நினைவில் இருக்காது. புல் ரிக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) கார்டு எண்ணைப் போடுங்கள். ஆர்க்கிடெக்சரையே மாற்றும் முடிவென்றால் ஏடிஆர் (ADR, ஆர்க்கிடெக்சர் முடிவுக் குறிப்பு) எழுதி, கோட் வைக்கும் ரெப்போவிலேயே வையுங்கள்.

மிட்டிகேட்டட் கட்டமும் கொஞ்சம் ஏமாற்றும். திட்டம் இருந்தாலே கார்டு அங்கே போய்விடுகிறது, அது பலித்ததா என்று போர்டு கேட்பதில்லை. 40% வாய்ப்பு, வந்தால் 10 நாள் இழப்பு என்றால் எக்ஸ்போஷர் (வாய்ப்பை இழப்பால் பெருக்கியது) 4 நாள். இப்படி எல்லாக் கார்டுக்கும் போட்டு, கூட்டுத்தொகையை ஸ்பிரின்ட்டுக்கு ஒருமுறை பாருங்கள். கார்டுகள் நகர்ந்தும் தொகை இறங்கவில்லையென்றால் எதுவும் தணியவில்லை.

மருத்துவக் கருவி மென்பொருளுக்கு இந்தப் போர்டு மட்டும் போதாது. அந்தத் துறையின் ரிஸ்க் தரநிலையான ஐஎஸ்ஓ 14971, ரிஸ்க் மேனேஜ்மென்ட் ஃபைல் கேட்கிறது, அதைத் தனியாகத்தான் பராமரிக்க வேண்டும்.

இவ்வளவு திட்டியும் நண்பருக்குச் சொல்வது, மாறுங்கள் என்றுதான். அக்செப்டட் கட்டத்தை மட்டும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஏற்ற ரிஸ்க்கும் தேதியோடு ஓன்டு கட்டத்திலேயே ஒருவர் பெயரில் கிடக்கட்டும்.