மண்டபத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு: மாதிரி எடுப்பதில் கெட்டிக்காரர்கள், பதிவேட்டில் கோட்டை விட்டார்கள்

ஒரு பழைய பொது மண்டபத்தின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. மேடை, பார்வையாளர் கூடம், ஒப்பனை அறைகள், கீழ்த்தளத்தில் இயந்திர அறை, பின்பக்கம் ஒரு பூங்கா. 1970களில் கட்டியது. அந்தக் காலத்துக் கட்டடம் என்றால் எங்காவது ஆஸ்பெஸ்டாஸ், அதாவது மூச்சோடு உள்ளே போனால் புற்றுநோய் தரக்கூடிய நுண்ணிய நார்க் கனிமம், இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. எங்கே இருக்கிறது, எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்த்து, பதிவேடு போட்டுக் கொடுத்து, ஆண்டுதோறும் வந்து சரிபார்த்துப் போக ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வேறு யாரிடம் இதே வேலையைக் கொடுத்தாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

முதலில் ஒரு குறை. பேச வந்த விற்பனைப் பிரதிநிதி, “முழு ஆய்வு சார், ஒண்ணு விடாம பாத்துருவோம்” என்றார். இந்தத் துறையில் முழு ஆய்வு என்று பொதுவாக ஒன்று கிடையாது. இரண்டு வகை உண்டு. கட்டடம் வழக்கம்போல் இயங்கும்போது கைபடக்கூடிய இடங்களைப் பார்ப்பது ஒன்று. அதில் சுவரை உடைக்க மாட்டார்கள், தளத்தைப் பெயர்க்க மாட்டார்கள். இடிப்பதற்கோ பெரிய அளவில் மாற்றிக் கட்டுவதற்கோ முன்னால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. முதல் வகை ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை இடிக்கக் கிளம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது முதல் வகை என்பதை நானே கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன்.

ஆய்வுக்கு வந்த பெண்மணி முற்றிலும் வேறு ரகம். விலைப் பேச்சே இல்லை. கட்டடத்தின் பழைய வரைபடம் இருக்கிறதா, எப்போதெல்லாம் மராமத்து நடந்தது, எந்த அறைக்குச் சாவி இல்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தார். மாதிரி எடுக்கும்போது அந்த அறையில் யாரையும் இருக்க விடவில்லை. மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்தச் சொன்னார். கீழே பிளாஸ்டிக் விரித்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு எடுத்தார். அதை ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு, எண் எழுதினார். எடுத்த இடத்தில் பூச்சு வைத்து அடைத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தார். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த நாருக்குத் தடையே இல்லை என்பதால் அவர் போட்டிருந்தது வடிகட்டி பொருத்தியது, முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுவது.

தரை வினைல் ஓடுகளில் அவர் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டில் ஒரு மாதிரி, அதற்கு அடியில் இருந்த கறுப்புத் தார்ப்பசையில் ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுத்தார். ஓடு சுத்தமாக இருந்து பசையில் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தவிர, இந்த ஓடுகளில் கலந்திருக்கும் நார் சில சமயம் ஒளி நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்கு நுண்ணியது. அதனால் ‘இல்லை’ என்று முடிவு வந்த ஓட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடி பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அவரே எழுதிவிட்டார். நான் கேட்கவே இல்லை. ஆய்வகமும் ஐஎஸ்ஓ 17025, அதாவது சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை, அங்கீகாரம் பெற்றது. சான்றிதழ் கேட்டதும் அனுப்பினார்கள்.

முடிவுகள் வந்தன. வண்டி நிறுத்தும் கொட்டகையின் நெளி ஷீட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கிரைசோடைல். சிமென்ட் ஷீட்டில் இது பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இருக்கும், சிமென்ட் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். ஒப்பனை அறைக் கூரைப் பலகையில் பழுப்பு வகையான அமோசைட். கெட்ட செய்தி கூடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்தது. இரும்பு உத்தரங்கள் தீயில் வளையாமல் இருப்பதற்காக அந்தக் காலத்தில் பீய்ச்சி அடித்த பூச்சு, அதிலும் அமோசைட். பீய்ச்சி அடித்த பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் 85 சதவீதம் வரைகூட இருக்கலாம். விரல் பட்டாலே உதிரும். விளக்கு மாட்டுகிறவர்கள் வழக்கமாக ஏறித் தவழும் இடம் அது.

ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். பொருளின் வகை, சேதம், மேற்பூச்சு, நாரின் வகை ஆகிய நான்குக்கும் அதிகபட்சம் மூன்று மூன்றாக மொத்தம் 12. 10 அல்லது அதற்கு மேல் என்றால் நார் எளிதில் வெளியேறும் என்று அர்த்தம். எங்கள் உத்தரப் பூச்சுக்கு 10, கொட்டகை ஷீட்டுக்கு 4. ஒரே கட்டடத்தில் ஒரே பெயருள்ள பொருளுக்கு இவ்வளவு வித்தியாசம் என்பதைக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியவைக்க இந்த மதிப்பெண் பெரிய உதவியாக இருந்தது. அதுவரை பாதிப் பேர் “எல்லாத்தையும் பிச்சு எறிங்க” என்றும், மீதிப் பேர் “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலியே” என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பேச்சுதான் எனக்கு எரிச்சல். மீசோதெலியோமா என்ற புற்றுநோய் நாரைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எதற்கும் அத்தாட்சி இல்லை.

அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம், பார்க்க முடியாமல் போன இடங்களின் பட்டியல். லிஃப்ட் தண்டின் உட்புறம், மேடைக்கு அடியில் மூடிப்போட்ட குழாய்ப் பாதை என்று வரிசையாக எழுதி, ‘சோதித்து இல்லை என்று தெரியும்வரை இருப்பதாகவே கொள்க’ என்று போட்டிருந்தார்கள். இந்தப் பட்டியல் இல்லாத ஆய்வறிக்கையை வாங்காதீர்கள். எல்லா இடத்தையும் பார்த்துவிட்டோம் என்கிறவர் எதையோ பார்க்கவில்லை.

அப்புறம் வந்தது வியாபாரம். அறிக்கையோடு சேர்த்து, ஷீட், தரை ஓடு, பலகை, பூச்சு எல்லாவற்றையும் அகற்ற ஒரு விலைப்பட்டியல். அகற்றும் வேலையைச் செய்வது இவர்களுடைய கூட்டாளி நிறுவனமாம். ஆய்வு செய்கிறவரே அகற்றும் வேலையிலும் லாபம் பார்த்தால் அறிக்கையை எப்படி நம்புவது? உடையாத ஷீட்டையும் கெட்டியாக ஒட்டிய ஓட்டையும் பெயர்க்கும்போதுதான் நார் கிளம்பும். அவற்றை அப்படியே விட்டு, பூச்சு பூசி, கண்காணிப்பதே போதும். உத்தரப் பூச்சை மட்டும் அகற்ற முடிவு செய்து, வேறொரு உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கொடுத்தோம். அவர்கள் கூடத்தை முழுக்க மூடி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக மட்டும் காற்று வெளியேற வைத்துச் செய்தார்கள். முடிந்ததும் மூன்றாவது ஆள் வந்து காற்றைச் சோதித்தார். பல நாடுகளில் வைத்திருக்கும் அளவு, ஒரு மில்லிலிட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே. அது வந்த பிறகுதான் கூடத்தைத் திறந்தோம்.

பூங்கா விஷயத்தில் இந்த ஆய்வு நிறுவனம் எங்களைக் கைவிட்டது என்றே சொல்வேன். முதல் அறிக்கையில் பூங்காவுக்கு ஒரே வரி: ‘பார்வையில் எதுவும் தென்படவில்லை.’ நடைபாதையில் ஒரு சுற்று நடந்துவிட்டு எழுதியது. அங்கே முன்பு ஒரு பழைய கொட்டகையை இடித்துப் போட்டிருந்தார்கள். ஷீட் துண்டுகள் மண்ணுக்குள் கிடக்கும், மழைக்குப் பின் மேலே வரும், புல்வெட்டும் இயந்திரம் அதன் மேல் ஏறினால் நொறுங்கும். 2024 ஜனவரியில் சிட்னியின் ரோசல் பூங்காவில், விளையாட்டுத் திடலில் மண்ணை மூடப் பரப்பிய மறுசுழற்சி மரச்சில்லு மூடாக்கிலேயே ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகள் கிடைத்தன. தேடத் தேட வேறு பூங்காக்கள், பள்ளிகள் என்று நீண்டது. திறந்தவெளிதானே, காற்றில் கரைந்துவிடும் என்று நினைக்கிற இடத்தில்தான் குழந்தைகள் மண்ணைக் கிளறி விளையாடுகிறார்கள்.

சண்டை போட்டுத் திரும்ப வரவழைத்தேன். இந்த முறை வந்த இளைஞர் கயிறு கட்டி இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, துண்டுகளைப் பொறுக்கி, மண் மாதிரியும் எடுத்தார். துண்டுகள் கிடைத்தது பழைய கொட்டகை நின்ற மூலையில் மட்டும். அந்த மூலையில் துணிவிரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணைக் கொட்டி மூடினோம். பின்னாளில் யாராவது தோண்டினால் விரிப்பைக் கண்டதும் நிறுத்த வேண்டும் என்று வரைபடத்திலும் குறித்தாயிற்று.

இப்போது பதிவேடு. இந்தச் சேவையின் உயிரே அதுதான், அதைத்தான் இவர்கள் சொதப்பினார்கள். தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு, கூடவே ஒரு எக்செல். அறைகளுக்கு ‘1-04’, ‘பி-11’ என்று இவர்களாகவே எண் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பெண்கள் ஒப்பனை அறை, இது பாத்திர அறை. புகைப்படங்கள் எல்லாம் கடைசிப் பக்கங்களில், எந்தப் படம் எந்தச் சுவர் என்று தேட வேண்டும். ஒலிபெருக்கி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த ஃபைல் எங்கண்ணே இருக்கு?” என்று காவலாளியிடம் கேட்டாராம். “ஆபீஸ் பீரோல பூட்டி வெச்சிருக்காங்க” என்று பதில். நல்லவேளை, அவர் கேட்டார். கேட்காமல் துளை போடுகிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்காகத்தான் இந்தச் செலவே செய்தோம்.

பிறகு நாங்கள் கேட்டு வாங்கியது இது: தளத்துக்கு ஒரு தாள் வரைபடம், எங்கள் வாயில் புழங்கும் அறைப் பெயர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் இடம் சிவப்பு, பார்க்காத இடம் மஞ்சள். வெளியாட்கள் கையெழுத்துப் போடும் நோட்டுக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டோம். வரைபடத்தைப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் யாரும் சுவரைத் தொடக் கூடாது. ஒப்பனை அறைப் பலகையில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னபோது “பப்ளிக் பயந்துருவாங்க சார்” என்றார்கள். பயந்தால் பயப்படட்டும் என்று ஒட்டவைத்தேன்.

ஊழியர்களுக்கு எடுத்த வகுப்புக்குக் குறையே சொல்ல முடியாது. உடைந்தது கண்ணில் பட்டால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதே, சாதாரண வேக்யூம் போடாதே, கூரை ஷீட்டைப் பீய்ச்சுத் தண்ணீரில் கழுவாதே, அறையைச் சாத்திவிட்டுச் சொல்லு. அவ்வளவுதான். துப்புரவு செய்யும் அம்மா ஒருவர், “ஏங்க மேடம், பீடி குடிக்கிறவங்களுக்கு இதுல கூடுதல் ஆபத்தா?” என்று கேட்டார். நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும் என்று பயிற்சியாளர் மழுப்பாமல் சொன்னார்.

ஆண்டு மறுஆய்வு அறிக்கையில் சில படங்கள் முந்தைய ஆண்டின் படங்களேதான். கூரைப் பலகை ஓரத்தில் நாங்கள் இடையில் அடைத்த விரிசல் படத்தில் அப்படியே இருந்ததால் தெரிந்துவிட்டது. திருத்தி அனுப்பினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் நிலைமை மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தானே மறுஆய்வு?

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். அந்த மூன்றும் மாதிரி எடுத்த பெண்மணிக்கும் வகுப்பு எடுத்தவருக்கும் போய்ச் சேர வேண்டியவை. அடுத்த ஆண்டும் இவர்களையே கூப்பிடுவதாக இருக்கிறோம், மூன்று நிபந்தனைகளோடு: படங்களில் தேதி இருக்க வேண்டும், பூங்காவைக் கட்டம் போட்டுத்தான் பார்க்க வேண்டும், அகற்றும் வேலைக்கு விலைப்பட்டியல் அனுப்பக் கூடாது. முதல் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதற்குப் பதில் இன்னும் வரவில்லை.