எம்கெட்டி, பிபிபிடி: மலை எஸ்டேட் டயல்-அப் சர்வருக்கு எப்படி?

“லைன் சரியில்லைங்க.” கூடலூர், கோத்தகிரி பக்கம் டயல்-அப் (போன் லைன் வழியே கம்ப்யூட்டர் இணைப்பு) மக்கர் செய்தால் முதலில் வரும் பேச்சு இதுதான். ஈரம் ஏறிய ஜாயின்ட், மரம் சாய்ந்த கம்பம் எல்லாம் உள்ள மலையில் லைனைத் திட்டுவது சுலபம். ஆனால் மோடம் கத்தி முடித்து, பாஸ்வேர்டும் ஏறி, அதற்கப்புறம் எதுவுமே திறக்கவில்லை என்றால் லைன்மேனைத் தேட வேண்டாம். லைன் கோளாறு நேரத்துக்கு நேரம் மாறும், நடுவில் அறுந்து போகும். ரூட்டிங் கோளாறு, அதாவது தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்பதில் வரும் கோளாறு, வெயிலானாலும் மழையானாலும் ஒரே இடத்தில் நிற்கும்.

ஹெட் ஆபீஸில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதன் சீரியல் போர்ட்டில் மோடம், டவர் எட்டாத டிவிஷன்களிலிருந்து இலை எடைக் கணக்கு. இந்த வேலைக்கு எம்கெட்டி (mgetty), பிபிபிடி (pppd) என்ற இரண்டு புரோகிராம்களும் நல்ல ஜோடி. போனை எடுப்பது எம்கெட்டி; ஐபி (நெட்வொர்க் முகவரி எண்) கொடுத்து இணைப்பை நடத்துவது பிபிபிடி. இரண்டும் இலவசம், பழைய பென்டியமே தாராளம். இரண்டு பக்கமும் சாதாரண அனலாக் மோடம் என்றால், பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும் 33.6-ஐத் தாண்டாது. அதற்காகக் காசைக் கொட்ட வேண்டாம்.

பிபிபிடியின் பலம் அதன் லாக். டீபக் ஆப்ஷனைப் போட்டால் எல்சிபி (இணைப்பை அமைப்பது), சாப் (பாஸ்வேர்ட் சோதனை), ஐபிசிபி (ஐபி ஒதுக்கீடு) என்று ஒவ்வொரு படியையும் எழுதிவிடும். ரிமோட் ஐபி வரி வந்துவிட்டால் மோடம், பாஸ்வேர்ட் இரண்டும் தப்பித்தன. அந்த வரி வருமுன் பலர் சறுக்கும் இடம் யூசர், பாஸ்வேர்ட் எழுதி வைக்கும் சாப்-சீக்ரெட்ஸ் ஃபைலின் நாலாவது நெடுவரிசை. அந்த யூசருக்கு எந்த ஐபி அனுமதி என்று அங்கே எழுத வேண்டும். காலியாக விட்டால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் உள்ளே விடாது.

இனி நிஜத் தலைவலி. டிவிஷனிலிருந்து பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று பார்த்தால்) சர்வர் பதில் சொல்கிறது, அதன் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் சொல்லவில்லை. முதலில் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு பக்கம் வந்த தகவல் பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பும் அமைப்பு) 1-ஆக இருக்கிறதா என்று பாருங்கள். கையால் மட்டும் மாற்றி, சிஸ்கன்ட்ரோல் கான்ஃப் (sysctl.conf) ஃபைலில் எழுதாமல் விட்டால், அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு மறுபடியும் 0.

அது சரி என்றால், பெரும்பாலும் பதில் திரும்பி வரும் வழி இல்லை. ஆபீஸ் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எண்கள்), டயல் செய்பவருக்கு 192.168.1.200 என்று வையுங்கள். அந்த எண் தன் வயரிலேயே இருப்பதாக நினைத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆர்ப்பில் (இந்த எண் யாருடையது என்று வயரில் கேட்கும் முறை) கூப்பிடும். குரல் கொடுக்க ஆளிருக்காது. ப்ராக்ஸிஆர்ப் ஆப்ஷன் போட்டால் சர்வரே அவருக்காகப் பதில் சொல்லும். (ஐபி எண்களைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வேறு யாருக்கும் 200-ஐக் கொடுக்காதபடி ஒதுக்கிவிடுங்கள்.) 10.0.5.2 போல வேறு நெட்வொர்க் எண் கொடுத்தால் ப்ராக்ஸிஆர்ப் உதவாது. 10.0.5.0/24-க்கான வழி இந்த சர்வர்தான் என்று ஆபீஸ் ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் போட வேண்டும்.

எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சர்வரில் இரண்டு விண்டோவில், பாக்கெட் போவதை வருவதைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓட்டுங்கள்: ஒன்று பிபிபி0-வில் (போன் பக்கம்), இன்னொன்று ஈத்0-வில் (ஆபீஸ் பக்கம்). பிபிபி0-வுக்கு வந்தது ஈத்0-வில் வெளியேறவில்லையா? ஃபார்வர்டிங் இல்லை, அல்லது ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலின் ஃபார்வர்ட் செயின் தடுக்கிறது. வெளியேறியும் பதில் இல்லையா? திரும்பும் வழிதான்.

பிபிபி0-வுக்கே ஒன்றும் வரவில்லை என்றால் கோளாறு டிவிஷன் பக்கம். பெரும்பாலும் அங்குள்ள லேனும் (உள் நெட்வொர்க்) அதே 192.168.1 ஆக இருக்கும். பாக்கெட் போன் லைனுக்கே ஏறாது. ஆபீஸில் 192.168.37 மாதிரி யாரும் வைக்காத எண்ணுக்கு மாறிவிடுவது நல்லது.

பிபிபிடியில் இரண்டு குறைகள். ஃபார்வர்டிங் 0-ஆக இருப்பதை பிபிபிடி தானாகச் சொல்லாது. லினக்ஸில் ப்ராக்ஸிஆர்ப்போடு கேட்யூன் ஆப்ஷனும் சேர்ந்தால் அதுவே 1 ஆக்கிக்கொள்ளும். மேனுவலில் ஒரு மூலையில் கிடக்கிறது. அடுத்தது, எதிர்முனை செத்துப்போனதை மோடம் சொல்லாவிட்டால், நாமாகச் சொல்லி வைக்காதவரை அது கவனிக்காது. போர்ட் மாட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து டயல் செய்பவருக்கு எங்கேஜ்டு டோன். எல்சிபி எக்கோ இன்டர்வெல் 30 (30 வினாடிக்கு ஒருமுறை எதிர்முனையைக் கேட்பது), ஃபெயிலியர் 4 (நாலு முறை பதில் வராவிட்டால் துண்டிப்பது) என்று வைத்தால் சுமார் இரண்டு நிமிடத்தில் துண்டித்துவிடும். மழைக்கால இரைச்சலில் 4-ஐ 2 ஆக்கினால் நல்ல இணைப்பும் அறுபடும்.