கானாடுகாத்தானில் எங்களை இறக்கிவிட்டு, எங்கள் கணக்கில் சவாரி போன டிரைவர்

செட்டிநாட்டுப் பக்கம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போய், ஒரு நாளைக்கு வாடகை வண்டி எடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டி பேசுங்கள்.

போன மாதம் ஆயாவை (பாட்டியை) அழைத்துக்கொண்டு காரைக்குடி போயிருந்தேன். ஆயாவுக்கு 82 வயது. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, பிறகு ஆத்தங்குடி வழியாகக் கானாடுகாத்தானில் அவர் பிறந்த வீடு. இவ்வளவுதான் திட்டம். சுற்றி வந்தால் 70 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

போனில் பேசிய ஏஜென்ட் சொன்ன கணக்கு: 8 மணி நேரம், 80 கிலோமீட்டர், 2,200 ரூபாய். அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய், டிரைவர் பேட்டா 400. படத்தில் அனுப்பியது மஞ்சள் நம்பர் பிளேட் வண்டி. நாற்பது நிமிடம் தாமதமாக லாட்ஜ் வாசலில் வந்து நின்றதோ வெள்ளை பிளேட். கேட்டால், "அந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது அண்ணே, இது நம் சொந்த வண்டிதான்" என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். அங்கேயே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வெள்ளை பிளேட் என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அந்த ஒரு காரணமே போதும். தெரிந்தும் ஏறினேன். பிள்ளையார்பட்டியில் மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரம்.

தரிசனம் நன்றாகவே ஆயிற்று. போனில் பேசிக்கொண்டே ஓட்டினார், ஏசியைக் கேட்டுக் கேட்டுப் போட வேண்டியிருந்தது. அதெல்லாம் எந்த ஊரிலும் நடக்கிற கதை, விடுங்கள்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் செய்வதைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி எடுப்பார்கள். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் அந்தக் கல் இறுகும். இவர் கொண்டுபோய் நிறுத்தியது சாலையோரத்தில் ஒரு ஷோரூம். அங்கே கண்ணாடியும் இல்லை, தொட்டியும் இல்லை. கடைக்காரர் எங்களைப் பார்ப்பதற்கு முன் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் எதுவும் வாங்காமல் ஏறியதும் டிரைவர் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில்தான் பதில்.

கானாடுகாத்தானில் இறங்கும்போது மணி 12.45. ஆயா பிறந்த வீடு பூட்டிக் கிடந்தது. பங்காளிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள், சாவி யாரிடம் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. "பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்" என்று ஆயா திண்ணையில் உட்கார்ந்து, தூணைத் தடவிக்கொண்டிருந்தார். "நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு வருகிறேன் ஆச்சி" என்று போனார் டிரைவர்.

போனவர் போனவர்தான். புளியோதரை, தண்ணீர், ஆயாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் வண்டியில். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஏஜெண்டைக் கூப்பிட்டால், "பக்கத்தில்தான் இருப்பார் சார்." வெயிலில் தெருத்தெருவாகத் தேடினேன். அந்தத் தெருக்கள் எவ்வளவு நீளம் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் முகப்பு முன்தெருவில் என்றால் பின்கட்டு அடுத்த தெருவில். திரும்பி வந்து பார்க்கிறேன், ஆயாவின் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் மோரும் இரண்டு இட்லியும் கொண்டுவந்து, "முதலில் இதைச் சாப்பிடுங்கள் ஆச்சி" என்று கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

2.20க்கு வண்டி வந்தது. டயர் பஞ்சராம். பின் கதவைத் திறந்தால், ஆயா கால் வைக்கும் இடத்தில் ஒரு குழந்தைச் செருப்பு. சிவப்பு நிறம், ஒற்றைக் கால். நான் குனிவதற்குள் அவர் எடுத்து முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மாலையில் பில். 138 கிலோமீட்டர், கூடுதல் 58க்கு 870 ரூபாய், பேட்டா, டோல் 110. மொத்தம் 3,580. "ஷெட்டில் இருந்து ஷெட் வரை கணக்கு அண்ணே" என்றார். வண்டி நிறுத்தும் ஷெட் இருப்பது காரைக்குடியிலேயே என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். புறப்படும்போது மீட்டரைப் படம் எடுக்காதது என் முட்டாள்தனம். நீங்கள் ஏறும்போதும், வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் எடுத்துவிடுங்கள். மருந்துப் பையை வண்டியில் விடாதீர்கள்.

அவரை மாட்டிவிட்டது அந்த 110 ரூபாய்தான். நாங்கள் நாள் முழுவதும் ஒரு டோல்கேட்டைக்கூடத் தாண்டவில்லை. திருச்சி சாலையில் புதுக்கோட்டைப் பக்கம் போனால் டோல் உண்டு. "ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்த மெசேஜைக் காட்டுங்கள், எந்த டோல்கேட், எத்தனை மணி என்று அதிலேயே இருக்கும்" என்றேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேசிய 2,200, பேட்டா 400, ஆக 2,600ஐ எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பைகளை நாங்களே இறக்கும்வரை ஸ்டீயரிங்கை விட்டு நகரவில்லை. பேட்டாவைக் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போதும் தோன்றுகிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். வண்டி எண்ணோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுதியாயிற்று.

இரவு லாட்ஜில் ஆயா மாத்திரை போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளை ஒற்றைச் செருப்போடு எப்படியப்பா நடந்து போயிருக்கும்?"